மருத்துவர் இல்லாத இரண்டு நாட்கள்

ஸ்டெதஸ்கோப்பை யார் மார்பிலும் சில்லென்று வைக்க மாட்டேன். உள்ளங்கையில் பொத்திக் கொஞ்சம் சூடாக்கிய பிறகுதான் வைப்பேன். நெப்ராஸ்காவில் குளிர்காலம் நீளமானது. குழந்தைகள் அலறிவிடும். அப்படியே பழகிவிட்டது. முக்பிலுக்கும் அப்படித்தான் வைத்தேன்.

காபி ஆறிவிடும், குடியுங்கள். ஒலிப்பதிவுக் கருவி மேஜைமேலேயே இருக்கட்டும். முக்பிலின் தம்பிக்காக நீங்கள் வாதாடுகிறீர்கள் என்று தெரியும். அண்ணன் எப்படி இறந்தார் என்று அவர் கேட்கிறார். கேட்க வேண்டியதுதான். அரசாங்கம் ரகசியம் நீக்கி வெளியிட்ட காகிதங்களில் என் பெயரைக் கறுப்பு மையால் மூடியிருக்கிறார்கள். 'மருத்துவ அலுவலர்' என்று மட்டும் இருக்கிறது. அது நான்தான், லோவெல் ப்ரான்ட். இதைச் சொல்லும்படி யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

என் மகள் கொரின் ஒமாஹாவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். அந்தக் காகிதங்களை எனக்கு முன்பே படித்துவிட்டாள். ஒவ்வொரு வருடமும் நன்றியறிதல் நாள் விருந்துக்குப் பேரன் சைலஸைக் கூட்டிக்கொண்டு வருவாள். நான் வான்கோழியை வறட்டிவிட்டேன் என்று திட்டிக்கொண்டே இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிடுவாள். இந்த வருடம் தனியாக வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, அந்த டாக்டர் நீங்கதானா?"

"நான்தாம்மா."

"அங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"ஒருத்தர் உயிரைக் காப்பாத்திட்டு இருந்தேன்."

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

விமானங்கள் மோதி இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு என்னைத் தேடி இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையான மனிதர்கள். பிடிபட்டவர்களைக் கடுமையாக விசாரிக்க வேண்டியிருக்கிறது, எல்லை மீறிவிடக் கூடாது, பக்கத்தில் ஒரு நல்ல மருத்துவர் வேண்டும் என்றார்கள். நான் போகாவிட்டால் வேறு யாராவது போவார்கள். அவர் எப்படிப்பட்டவராக இருப்பாரோ. அதனால் சரி என்றேன்.

எந்த நாடு என்று எனக்குச் சொல்லவில்லை. ஜன்னல் இல்லாத கட்டடம். எந்நேரமும் டீசல் வாடை. முக்பில் ஏமன் நாட்டுக்காரர், சரக்குக் கப்பலில் சமையல்காரர். துறைமுகம் துறைமுகமாகப் பொறுக்கிய ஆங்கிலம் பேசுவார், அதில் பாதி வசவு. அவர் கப்பலில் ஒரு சமயம் பயணம் செய்த ஒருவனை எங்கள் ஆட்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு முக்பில் சாப்பாடு போட்டிருக்கிறார். வேறு எதுவும் அவருக்குத் தெரியாது என்பது பிறகு தெரிந்தது.

விசாரித்தவன் பெயர் டெல். நிஜப் பெயராக இருக்காது. முக்பிலின் அறைக்கு நான் முதலில் போக வேண்டும். நாடி, மூச்சு, கால் எல்லாம் பார்த்துவிட்டு வெளியே வருவேன். கதவில் சாய்ந்துகொண்டு டெல் கேட்பான்.

"என்ன டாக்டரே, வண்டி ஓடுமா?"

"ஓடும்" என்றால் உள்ளே போவான். "கொஞ்சம் நிறுத்தி வைங்க" என்றால் நிறுத்திவிடுவான். மறுபேச்சு கிடையாது. "பெரிய மெக்கானிக்குப்பா இவரு" என்று காவலர்களிடம் சொல்லிச் சிரிப்பான். என் வார்த்தைக்கு அங்கே அவ்வளவு மதிப்பு இருந்தது.

தூங்கவிடாமல் நிற்க வைப்பார்கள். கைகள் மேலே சங்கிலியில் இருக்கும். சங்கிலி மணிக்கட்டை அறுக்காமல் இருக்க உள்ளே பஞ்சுத்துணி சுற்றச் சொன்னேன். நின்று நின்று கால்கள் வீங்கித் தோல் பளபளக்கும். அப்போது இறக்கி உட்கார வைத்து, கால்களைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொள்வேன். ஒருநாள் முக்பில் தன் கால்களை வெகுநேரம் பார்த்தார்.

"டாக்டர், இது யார் காலு?"

"உங்களோடதுதான்."

"இல்ல இல்ல. என்னோடதைக் கப்பல்லயே விட்டுட்டு வந்துட்டேன். எவனோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டான், திருட்டுப் பய."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். காகிதங்களில் இதெல்லாம் இருக்காது.

முகத்தில் துணி போட்டுத் தண்ணீர் ஊற்றுவதையும் நான் ஒழுங்குபடுத்தினேன். ஊற்றும் தண்ணீரில் நிறைய வயிற்றுக்குள் போய்விடும். சாதாத் தண்ணீர் அவ்வளவு போனால் ரத்தத்தில் உப்பு குறையும், மூளை வீங்கும், வலிப்பு வரும். யாரும் இதை யோசித்திருக்கவில்லை. சாதாத் தண்ணீருக்குப் பதில் மருத்துவ உப்புக் கரைசலை வைத்துக்கொள்ளச் சொன்னேன். அன்றே மாற்றிக்கொண்டார்கள். என்னைப் பாராட்டிக் காகிதத்தில் ஒரு வரி இருக்கிறது.

இதைச் சொன்னபோதுதான் கொரின் முதல்முறையாக என்னைத் தடுத்தாள்.

"சாதாத் தண்ணியா இருந்தா எப்ப நிறுத்தியிருப்பாங்க?"

"சீக்கிரமே நிறுத்த வேண்டி வந்திருக்கும்."

"உப்புத் தண்ணிங்கறதால?"

"நிறுத்தல" என்றேன்.

"காலை மடியில வெச்சுக்கிட்டீங்களே. வீக்கம் வடிஞ்சதும் என்ன பண்ணாங்க?"

"மறுபடி நிக்க வெச்சாங்க."

என் வீட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு ஒரு நோயாளியைப் பற்றிக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். குரல் உயரவில்லை. பிறகு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு ஒரே ஒரு நாள் காட்டுங்கப்பா. நீங்க இல்லாம இருந்திருந்தா அந்த மனுஷன் இன்னும் மோசமா அவதிப்பட்டிருப்பார்னு ஒரு நாள். காட்டினீங்கன்னா கிறிஸ்துமஸுக்கு சைலஸைக் கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் போன் பண்ணாதீங்க."

வான்கோழி அப்படியே இருந்தது.

அவள் கேட்டது நியாயம்தான். அதனால் எல்லாக் காகிதத்தையும் தருவித்து உட்கார்ந்து படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு. மூடிய இடங்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும் என்பதால் படிப்பது சிரமமாக இல்லை. ஆனால் நான் இல்லாத நாள் ஒன்று கிடைப்பது எளிதாக இல்லை. மற்றவர்கள் விடுமுறையில் போவார்கள், வருவார்கள். நான் போனதில்லை. நான் போய்விட்டால் முக்பிலை யார் பார்த்துக்கொள்வது?

பிறகு நினைவு வந்தது. ஒருமுறை கட்டடம் முழுக்க ஜுரம் பரவியது. நானும் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் மறுகோடி அறையில் கிடந்தேன். அந்த இரண்டு நாளும் முக்பிலைப் பற்றித்தான் கவலை. தடுக்க ஆளில்லாமல் டெல் என்னவெல்லாம் செய்கிறானோ என்று புரண்டுகொண்டிருந்தேன். கொரின் கேட்ட நாள் அதுதான் என்று தோன்றியது. பக்கங்களை அவசர அவசரமாகத் தள்ளினேன். சந்தோஷத்தால்தான்.

அந்தப் பக்கத்தில் கறுப்பே இல்லை. மறைக்க எதுவும் இருக்கவில்லை போலிருக்கிறது.

'மருத்துவ அலுவலர் நோயுற்றுள்ளார். விதிப்படி விசாரணை நிறுத்திவைக்கப்பட்டது. கைதியைச் சங்கிலியிலிருந்து இறக்கினோம். தூங்குகிறார்.'

அதன் கீழே காவலர் யாரோ எழுதியது: 'எழுந்து சோறும் பருப்பும் சாப்பிட்டார். வாயில் வைக்கச் சகிக்கவில்லை, இதைச் சமைத்தவனைப் பிடித்து விசாரியுங்கள் என்றார்.'

மறுநாள்: 'மருத்துவர் இன்னும் வரவில்லை. கைதி தூங்கினார். மாலையில் பாடினார். நிறுத்தச் சொல்லவில்லை.'

அவர் பாடுவார் என்பதே எனக்குத் தெரியாது.

அந்த இரண்டு நாளில் டெல் என் அறைக்கு ஒரு கிண்ணம் கோழி சூப் கொண்டுவந்தான். "சீக்கிரம் எழுந்து வாங்க டாக்டரே. நீங்க இல்லாம நாங்க கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கோம்" என்றான். என்மேல் இருக்கும் பிரியத்தில் சொல்கிறான் என்று நினைத்தேன்.

கொரினைக் கூப்பிட்டேன். முதல் மணி அடித்ததுமே எடுத்தாள்.

"கிடைச்சுதாப்பா?" காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தக் குரலைக் கேட்டதும் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு வேறு ஏதாவது சொல்லலாமா என்று இருந்தது. சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை அப்படியே படித்துக் காட்டினேன். சமைத்தவனை விசாரியுங்கள் என்ற இடத்தில் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

"மூணாவது நாள்?" என்றாள்.

மூன்றாவது நாளைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும். எனக்குக் காய்ச்சல் விட்டிருக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் அறைக்கு நடந்தேன். முக்பில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் களை திரும்பியிருந்தது. கதவில் என்னைப் பார்த்ததும் அழுதார். என்னைக் கண்ட ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன். வேறு மாதிரி எடுத்துக்கொள்ள இப்போதும் எனக்குத் துணிவில்லை. மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டபோது துடிப்பு நடுவில் ஒருமுறை தவறியது. என் காதிலும் காய்ச்சல் இரைந்துகொண்டிருந்தது. அது அவருடையதா என்னுடையதா என்று நான் நின்று கேட்டிருக்க வேண்டும்.

டெல் கேட்டான். நான் "ஓடும்" என்றேன்.

மதியத்துக்குள் முக்பிலின் இதயம் நின்றுவிட்டது. விலா எலும்பு முறியும்வரை நெஞ்சை அமுக்கிப் பார்த்தேன். அவர் தம்பிக்குச் சொல்ல வேண்டியது இதுதான். நான் சொன்னதால் நடந்தது. நான் வராமல் இருந்திருந்தால் அன்றும் தூங்கியிருப்பார்.

"உங்களுக்குத்தான் காய்ச்சல் விடலயே" என்றாள் கொரின், இதையெல்லாம் போனில் கேட்டுவிட்டு. "இன்னும் ஒரு நாள் படுத்திருக்கக் கூடாதா? ஏம்ப்பா எழுந்து போனீங்க?"

"அவரை அவங்க கையில விட்டுட்டுப் படுத்திருக்க மனசு வரலம்மா."

அவள் போனை வைத்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு வரமாட்டாள். ஆனால் நான் சொன்னது பொய்யில்லை, அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தக் கட்டடத்தில் முக்பில்மேல் அக்கறை இருந்த ஒரே ஆள் நான்தான்.