செம்பருத்திக்கு ஒரு விளக்கு

வடக்குப் பார்த்த வீடு வாங்கினால் செல்வம் சேரும் என்றார்கள். செடி வளராது என்று யாரும் சொல்லவில்லை. திருமுல்லைவாயிலில் நாங்கள் வாங்கிய ஃபிளாட்டில் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால்தான் சார், வாசலுக்கு வெளியே வராந்தாவில் செம்பருத்தித் தொட்டியை வைத்து, அதற்கு மேலே செடி வளர்க்கிற எல்.இ.டி. விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டேன்.

ஆன்லைனில் வாங்கிய மலிவு விளக்கு. ஊதா வெளிச்சம், இலை பச்சையா பழுப்பா என்றே தெரியாது. ஆறு மாதத்தில் மூன்றே பூ. மூன்றையும் எதிர்வீட்டு வீரராகவன் பறித்துக்கொண்டு போனார்.

விடிந்தும் விடியாததுமாகக் குளித்துவிட்டு, ஈர வேட்டியும் வெறுங்காலுமாக வருவார். எங்கள் கட்டடம் நிற்கிற நிலம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து வயல். ஒருமுறை நயமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"இன்னா நைனா, சாமிக்குத்தானே பறிக்கிறேன்? சாமி பூவு திருட்டுல சேராது. இந்த எடமே எங்களுதுதான்" என்று சிரித்தார்.

செம்பருத்திக்கு ஆயுளே ஒரு நாள்தான். ஒரு பூவாவது செடியிலேயே இருந்து, சாயங்காலம் தானாகச் சுருங்கி உதிர்வதைப் பார்க்க ஆசைப்பட்டேன். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் விளக்குகளைச் சோதித்து அனுப்பும் வேலை எனக்கு. பதினாறு வருடமாகிறது. அரைகுறை வேலை எனக்கு ஆகாது. பழைய சிப்புகளைக் கழற்றிவிட்டு, வெள்ளையோடு கொஞ்சம் சிவப்பும் கலந்த நல்ல சிப்புகளை அலுமினியத் தகட்டில் பதித்தேன். மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவரையும் மாற்றினேன். பழையது தோசைக்கல்லாகக் கொதிக்கும். புதியதில் கை வைத்தால் சூடே தெரியாது. மூன்று வாரத்தில் ஒன்பது மொட்டு.

எர்த் ஒயரை மட்டும் இணைக்கவில்லை. தகட்டில் மின்சாரம் பாயும்படி உள்ளே என்ன செய்தேன் என்பதை உங்கள் ஆட்களே பிரித்துப் பார்த்துவிட்டார்கள். ஊருக்குப் புறப்படுகிற அன்றுதான் அந்த வேலையை முடித்து, விளக்கைத் தாழ்த்திக் கட்டினேன். செடிகிட்டே போகிறவர் தகட்டைக் கையால் ஒதுக்கித்தான் ஆகவேண்டும். 'தொடாதீர்கள்' என்று எழுதியும் ஒட்டினேன். குளித்துவிட்டு வரும்போது அவர் கண்ணாடி போட்டிருக்க மாட்டார்.

மற்றவர்களைப் பற்றியும் யோசித்தேன். வராந்தா பெருக்குகிற அம்மா எட்டு மணிக்கு வருவார். ஆகவே விளக்கு காலை ஐந்துக்கு எரிந்து ஏழுக்கு அணையும்படி டைமரை வைத்தேன். வீரராகவன் ஐந்தரைக்கு வருவார். இரண்டு மணி நேர வெளிச்சம் செடிக்குப் போதாதே என்றுதான் வருத்தமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நானும் மனைவி நிவேதிதாவும் திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். மறுநாள் காலை பந்தியில் உட்கார்ந்திருந்தபோது வீரராகவனின் மனைவி வேம்புலியம்மாள் போனில் கதறினார். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். நிவேதிதா எழுந்திருக்கவே இல்லை.

"நான்தாங்க எதிர்வீட்டுக்காரர்கிட்ட செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லிட்டு வந்தேன்" என்றாள். "பூவ மட்டும் பறிக்காதீங்க, எங்க வீட்டுக்காரர் மனசு கஷ்டப்படுவார்னும் சொன்னேன். 'கஷ்டப்படுதா? இத்தினி நாளா எனுக்குத் தெரியாதும்மா. இனிமே கைவெக்க மாட்டேன்'னாரு."

இதை அவள் என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம். வீட்டில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள வேண்டும், சார்.

ஊர் திரும்பியபோது தொட்டி மண்ணில் இரண்டு பூக்கள் சுருங்கிக் கிடந்தன. தானாக உதிர்ந்தவை, யாரும் பறிக்கவில்லை. பக்கத்தில் அவருடைய பிளாஸ்டிக் சொம்பு கவிழ்ந்து கிடந்தது.

ஆமாம், அவரைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள், அவர் குணம் எனக்குத் தெரியும். தண்ணீரை ஊற்றிவிட்டுப் பறித்திருப்பார், சார். கட்டாயம் பறித்திருப்பார்.