பச்சைத் திரைக்கு வெளியே

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டு வந்தார்கள். அக்காவுக்கு அறுபது வயதிருக்கும்.

"இன்னைக்கு நான் ஃபேமிலி ரூமுக்குள்ள போக மாட்டேன்."

"எங்கனக்கா?"

"அந்தப் பழைய ஓட்டல்லதான். மார்பிள் மேசை, ஆளுயரக் கண்ணாடி எல்லாம் அப்படியே இருக்கு. அதைப் பாக்கத்தான் இப்ப கூட்டம் வருது. கல்யாணமான நாள்ல இருந்து நானும் போறேன், ஒண்ணையும் பாத்ததில்ல. உங்க அத்தான் என்னைப் பச்சைத் திரைக்குப் பின்னால உக்கார வச்சிருவாவ."

"அத்தான் கோவிப்பாவளே?"

"கோவிக்கட்டும். ரோட்டைப் பாத்த மேசையில உக்காந்துதான் காப்பி குடிப்பேன். கூச்சமா இருந்தா அவ்வொ திரைக்குள்ள போயி உக்காரட்டும்."

குற்றாலத்தில் இறங்கியதும், பேருந்தில் அவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு வந்த அக்காவின் கணவர் திரும்பிக் கேட்டார்:

"எனக்கும் அந்த மேசையில எடம் உண்டா?"