வணக்கம் சொன்ன மருமகன்

தேர்தல் நேரம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"டேப்பு பேசுறதுக்கு எந்திரிச்சு நின்னு கும்பிட்ட மனுசனப் பாத்திருக்கீகளா மதினி? எங்க வீட்டுக்காரரு கும்பிட்டாரு."

"எந்த டேப்பு?"

"போன எடுத்தா, 'வணக்கம், உங்கள் பொன்னான வாக்கை'ன்னு ஒருத்தன் ஆரம்பிக்கான். எந்தக் கட்சின்னு கேட்டா சொல்லமாட்டான். அவன் பாட்டுக்குப் பேசுதான். இவரு சாப்பிட்டீங்களான்னு கேக்காரு. பதிஞ்சு வச்ச டேப்புன்னு பொறவுதான் தெரிஞ்சது. ஒரு நாளைக்கு ஆறு தடவ."

"நீ சும்மாவா இருந்த?"

"இன்னைக்குக் காலைல 'வணக்கம்'னு கேட்டதும், 'ஏலே, இனிமே கூப்பிட்ட, செருப்பு பிஞ்சிரும்'னு வச்சுட்டேன்."

"நல்லாத்தான் கேட்ட."

"அது மருமகன் மதினி! வில்லிபுத்தூர் ஆஸ்பத்திரில மகளுக்குப் பிள்ளை பொறந்த சேதி சொல்ல அங்க உள்ள போன்லருந்து கூப்பிட்டிருக்காரு."

"ஆத்தி! ஆணா, பொண்ணா?"

"யாரு சொன்னா? சம்பந்தியம்மா பொறவு கூப்பிட்டு, 'பிள்ளை பொறந்த சேதி சொன்னா எம்மவனச் செருப்பால அடிப்பீகளோ'ன்னு கேட்டுட்டு வச்சுட்டாக. அதான் நேர்ல பாக்கப் போறேன்."

பஸ் ஊருக்குள் நுழைந்தது. இருவரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"போனதும் மருமகனுக்கு நீயே முந்தி ஒரு வணக்கம் வச்சிரு."

"வச்சா, அவரு என்னைய டேப்புன்னு நெனச்சு எந்திரிச்சுப் போயிட்டா?"