பாலத்தை வெட்டச் சொன்ன நாள்

ஒரு நிமிஷம்... எந்திரிச்சவங்க உட்காருங்க. கோபமா வந்திருக்கீங்க, தெரியுது. நம்ம ஊரு நடுவால புது மாவட்ட எல்லை போகுது. மேலத்தெரு அந்த மாவட்டம், கீழத்தெரு இந்த மாவட்டம். "இனி மேலத்தெருக்காரன் நம்ம குளத்துல தண்ணி எடுக்கக் கூடாது"ன்னு இங்க ஒருத்தர் பேசினாரு. கை தட்டினீங்க. நான் தட்டல. ஏன்னு கேட்டீங்கன்னா, அதுக்கு ஒரு கதைதான் பதில்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி பைசாந்தியம்னு ஒரு பேரரசு. கிரேக்கம் பேசுற ராஜ்யம். அதோட தலைநகரம்தான் இன்னைக்கு இஸ்தான்புல். அந்த ராஜ்யத்துக்கு எல்லைன்னு ஒண்ணு நிலையா இருந்ததே இல்லை. ஒரு ராஜா காலத்துல ஆத்தைத் தாண்டிப் போகும்... அடுத்தவன் காலத்துல மலைக்கு இந்தப் பக்கம் சுருங்கிடும்.

அப்படி ஒரு ஆத்தங்கரையில கோட்டைத் தலைவன் நிகிதாஸ். அவன் தங்கச்சி அன்தூசா, எதிர்க்கரையில வாக்கப்பட்டவ. புருஷன் ஹபீப், அரபி பேசுற விவசாயி. கல்யாணம் நடந்தப்போ ரெண்டு கரையும் ஒரே ராஜ்யம். நடுவுல ஒரு கயித்துப் பாலம்.

ஒருநாள் காலையில தலைநகரத்து அதிகாரி குதிரையில வந்து இறங்குறாரு. "எதிரிப் படை வருது. இனிமே ஆறுதான் எல்லை. பாலத்தை வெட்டு."

நிகிதாஸ் எதிர்க்கரையைப் பாக்குறான்... மூட்டை முடிச்சோட, ஆட்டுக்குட்டியோட ஜனம் நிக்குது. கூட்டத்துல தங்கச்சி.

"ஐயா, அவங்க?"

"அவங்க நேத்து வரைக்கும் நம்ம குடிகள். இன்னைக்கு இல்லை."

எப்படி இருக்கு பாருங்க. ராத்திரி படுக்கும்போது ஒரு ராஜ்யத்துல படுத்தவன், எந்திரிக்கும்போது அந்நியன். அவன் ஒரு அடி நகரல. கோடு நகர்ந்துச்சு.

நிகிதாஸ் கரையில இங்கயும் அங்கயும் நடக்குறான். நிக்க முடியல. கடைசியில கத்திக் கூப்பிடுறான்: "அன்தூசா, நீயும் உன் பிள்ளைகளும் மட்டும் வாங்க."

அவ அங்க இருந்தே சொல்றா: "மட்டும்னா வரல அண்ணே. என் பிரசவத்துக்கு நீயா வந்தே? இவங்கதான் கூட இருந்தாங்க."

நிகிதாஸ் அதிகாரியைப் பாக்கல. "எல்லாரும் வாங்க"ன்னுட்டான்.

ஒவ்வொருத்தரா வராங்க. தூரத்துல புழுதி கிளம்புது. அதிகாரி, "வெட்டு, வெட்டு"ங்கிறாரு. அந்த நேரம் பாத்து ஹபீப் திரும்பி ஓடுறான். நடக்க முடியாத பக்கத்து வீட்டுக் கிழவரை விட்டுட்டு வந்துட்டாங்க. சிப்பாய் கோடாலியை ஓங்கிட்டான்...

நிகிதாஸ் நடந்து போய் நடுப்பாலத்துல நின்னான். "இப்போ வெட்டு. பாலத்தோட நானும் போறேன்."

கோடாலி இறங்கல. ஹபீப் கிழவரைத் தூக்கிட்டு வர, நிகிதாஸும் அவங்களோட இந்தக் கரையில கால் வச்ச பிறகுதான் கயிறு அறுந்துச்சு.

அன்னைக்கே நிகிதாஸுக்குப் பதவி போச்சு. பாலம் தாண்டி வந்தவங்க கூடவே, ஆத்துக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்துல போய்க் குடியிருந்தான்.

எல்லை ஆத்தோட நின்னுச்சா? எங்க நிக்கும்? சில வருஷத்துல அந்தக் கிராமமும் எதிரி ராஜ்யத்துக்குப் போயிடுச்சு. புது ஆட்சிக்காரங்க வீடு வீடா வராங்க. "பழைய ராஜாவோட சிப்பாய் எவனும் இங்க இருக்கக் கூடாது." நிகிதாஸ் துணியை மூட்டை கட்டுறான். இப்போ அந்நியன் அவன்தான்.

ஹபீப் வாசல்ல வந்து நின்னான். பின்னால அந்தப் பாலம் தாண்டி வந்த அத்தனை பேரும். ஹபீப் புது ஆட்சிக்காரங்க பேசுற அரபியிலேயே பேசுறான்: "இவரு என் மச்சான். எங்களோட வெள்ளாமை பண்றவரு. இவரு எங்கேயும் போகல."

வந்தவங்க அந்தக் கூட்டத்தைப் பாத்தாங்க... அடுத்த ஊருக்குப் போயிட்டாங்க. நிகிதாஸ் மூட்டைமேல உட்கார்ந்து அழுதானாம்.

என் ஜனங்களே, எனக்கும் மனசு ஆறல. இந்த எல்லை எனக்கும் பிடிக்கல. அதுக்கு மனு போடுவோம், மறியல் பண்ணுவோம், நான் முன்னால நிக்கிறேன். ஆனா மேலத்தெருக்காரன் என்ன பண்ணினான்? அவனைக் கேட்டா கோடு போட்டாங்க? இன்னைக்கு அவன் குடத்தைத் தட்டி விட்டா, நாளைக்கு இந்தக் கோடு இன்னும் கொஞ்சம் நகர்ந்து உங்க வாசலுக்கு வரும்போது... உங்களுக்காக வந்து நிக்க யாரு இருப்பா?

யோசிங்க. யோசிச்சுட்டு, அப்புறம் கை தட்டுங்க.