உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி

இன்றைக்கு மறியல் இருக்காது என்று அரசியல் நிபுணர் தோரணையில் வீட்டில் அறிவித்துவிட்டுக் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறியவன் நான். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். எலவனாசூர்கோட்டைக்கு முன்பே சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. பஸ் நின்றது, எனக்குப் பின்னால் நடந்த பேச்சு நிற்கவில்லை. பேசியவர்கள், ராமேஸ்வரம் டூருக்கு ஆள் சேர்க்கும் ஒருவரும், கல்வராயன் மலையிலிருந்து வந்த ஐம்பது வயது அம்மாள் ஒருவரும்.

"உப்பே ஆவாதுன்றீங்க, கடலைப் பாக்க வரேன்றீங்க. இன்னாம்மா இது?"

"கடலை நான் குடிக்கவா போறேன்? டாக்டரு சோத்துலதான் உப்பை நிறுத்துனாரு."

"வூட்டுக்காரரு வரலியா?"

"அவருக்கு மலையை வுட்டு எறங்குனா தூக்கம் வராது. அவருக்காவக் காத்துக்கினு இருந்தா நான் கடலைப் பாத்தாப்பலதான்."

"நாப்பது பேருக்கு ஒரே அண்டாம்மா. தனி அடுப்பெல்லாம் மூட்ட முடியாது."

"வேணாங்கண்ணா. கொழம்புல உப்புப் போடறதுக்கு முன்னால எனக்கு ஒரு கரண்டி எடுத்து வெச்சா போதும்."

"சமையல்காரரு மறந்துட்டா? தனியா வர பொம்பள, வழியில எதுனா ஆச்சுன்னா யாரு பாக்குறது?"

"அண்டா பக்கத்துலயே குந்திக்கினு இருப்பேன். என்னைத் தாண்டித்தான் உப்பு உள்ள போவணும்."

டூர்க்காரர் நோட்டை எடுத்துப் பெயர் எழுதிக்கொண்டார்.

"ஜன்னலோரமா எழுதிக்கங்க" என்றார் அந்த அம்மாள்.

ஒருவழியாகப் பாதை திறந்து, உளுந்தூர்பேட்டையில் இருவரும் இறங்கிப் போனார்கள். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டு டிரைவரிடம் சொன்னார்:

"போன வருசம் அந்த டூருக்கு நானும் போனேண்ணா. அந்தம்மா சும்மா காவல் காக்கப் போவுது. அந்தச் சமையல்காரரு ஒருநாள்கூட உப்புப் போடலை."