டார்ச்சுக்காக வெச்சிருந்த போன்

இல்லைங்க மேடம், இந்தப் படிவத்துல காரணம்னு ஒரு கட்டம் போட்டிருக்கீங்க பாருங்க, அதுல ரெண்டு விரல் அகலம்தான் இடம் இருக்கு. எழுத ஆரம்பிச்சேன். எங்க அக்கான்னு எழுதுறதுக்குள்ளயே கட்டம் முடிஞ்சுபோச்சு. அதான் வாயாலயே சொல்லிடுறேனே.

ஆமாங்க, செத்துப்போன நம்பர்தான். நாப்பது நாள் வெளிய ஒரு கால்கூடப் போகலைன்னா நிறுத்திடுவீங்கன்னு அந்தச் செவுத்துல ஒட்டியிருக்கு. டோக்கன் வாங்கிட்டு உக்காந்தப்பவே படிச்சிட்டேன். ரெண்டு தடவை படிச்சேன். வீட்டுல எனக்கு டபுள் பூட்டுன்னு பேரு. கதவைப் பூட்டிட்டு, தெருமுனை வரைக்கும் போயிட்டு, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பாத்துட்டுப் போற ஆளு நான்.

புது நம்பரா? ஆஃபர் நல்லாத்தான் இருக்கு. வேணாங்க. இதேதான் வேணும்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். நான் சொல்லப்போறதுல முக்கால்வாசி என் கண்ணால பாத்தது இல்ல. அக்கா சொல்லிக் கேட்டது. ஆனா நம்பலாம், அவளுக்குப் பொய் வராது. பெருமைக்குச் சொல்லலைங்க, அது ஒரு வியாதி மாதிரி. ஸ்கூலுக்குப் போகலைன்னா நாமெல்லாம் வயித்து வலின்னு லீவு லெட்டர் எழுதுவோம். அவ தூங்கிட்டேன்னு எழுதுவா. அடி வாங்கிட்டு வந்து அடுத்த தடவையும் அதையேதான் எழுதுவா.

அவ வேலை பாக்குறது ஒரு வக்கீல் ஆபீஸ்ல. இங்க ஒரு பெரிய தையல் கம்பெனி இருக்குல்ல, அங்க வேலை பாக்குற பொண்ணுங்களை சாயங்காலம் வெளிய விடும்போது கேட்டுல நிறுத்தி சோதனை போடுவாங்க. துணி, நூல் எதையாவது எடுத்துட்டுப் போறாங்களான்னு. பையைப் பாப்பாங்க. பையோட நிக்க மாட்டாங்க. அதைப் பத்தி பதினோரு பொண்ணுங்க பேசினதை அக்கா அவ போன்லயே பதிவு பண்ணியிருந்தா. பேரு, ஊரு எல்லாம் அவங்க வாயாலயே. கம்பெனி முதலாளி இருக்கிறது பக்கத்து நாட்டுல. அதனால கேஸும் அங்கதான். போன வருஷம் அந்தப் போனை எடுத்துட்டு எல்லை தாண்டிப் போகணும்.

நெட்ல அனுப்பிருக்கலாமேன்னா? நானும் அதைத்தான் கேட்டேன். கோர்ட்டுக்கு காப்பி ஆகாதாம். பேச்சைப் பிடிச்ச அதே போன் வேணும்னு அந்த ஊர் வக்கீல் சொல்லிட்டாரு. ஆனா எல்லையில போனைப் பிடுங்கி, வயரைச் சொருகி, உள்ள இருக்கிறதை மொத்தமா உருவிடுவாங்கன்னு ஆபீஸ்ல பயமுறுத்தி விட்டிருக்காங்க. அந்தப் பதினோரு பேரு கம்பெனிக்குத் தெரிஞ்சா மறுநாளே வேலை போயிடும். வேலை போனதோட விட்டாப் போதும்னு நெனைக்க வைக்கிற மாதிரி சில ஆளுங்களும் அந்தக் கம்பெனியில இருக்காங்க.

போனை எப்படிக் காப்பாத்துறதுன்னு யோசிக்கிற வேலை எனக்கு வந்துச்சு. இதுக்குன்னே பொறந்தவன் மேடம் நான். மொதல்ல விரல் ரேகைப் பூட்டை எடுத்துட்டேன், ஏன்னா விரலைப் பிடிச்சு வெச்சா தொறந்துக்கும். மூஞ்சியைப் பாத்துத் தொறக்கிறதையும் எடுத்தேன். வரிசையில நிக்கிறதுக்கு முன்னாடியே போனை அணைச்சுடணும், அணைஞ்ச போன்ல இருந்து உருவுறது கஷ்டம். பதினாலு எழுத்துல பாஸ்வேர்டு. எல்லாம் சரி. அக்கா ஒரே வார்த்தையில கவுத்துட்டா. கேட்டா சொல்லிடுவேனேடான்னா.

சொல்லிடுவா மேடம். கொஞ்சம் முறைச்சுக் கேட்டாப் போதும், கேக்காததையும் சேத்துச் சொல்லுவா.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. பாஸ்வேர்டே அவளுக்குத் தெரியலைன்னா? பக்கத்து ரூமுக்குப் போய் நானே வெச்சுட்டு வந்துட்டேன். அவங்க கேட்டா தெரியாதுன்னு சொல்லலாம், அது பொய்யும் இல்ல. வெளிய வந்ததும் யார் போன்லருந்தாவது என்னைக் கூப்பிட வேண்டியது, நான் சொல்ல வேண்டியது. ஒரு தாள்ல பத்து பாயின்ட் எழுதிக் குடுத்தேன். ஒன்பதாவது பாயின்ட், வெளியே வந்தவுடன் எனக்கு போன் செய்யவும்.

சிரிக்கிறீங்க. கண்டுபிடிச்சிட்டீங்க. நீங்க இந்தத் தொழில்ல இருக்கீங்க, டக்குனு புரிஞ்சிடுச்சு. எங்க வீட்டுல ரெண்டு டிகிரி இருக்கு மேடம், வம்சத்துலயே மொத ரெண்டு. ரெண்டுக்கும் இது தோணலை. என் நம்பர் எங்க இருக்கு? பூட்டின போனுக்குள்ள இருக்கு.

அங்க எறங்கி வரிசையில நின்னாளாம். அதிகாரி போனைத் தொறங்கன்னாராம். பாஸ்வேர்டு தெரியாது சார்னு சொன்னாளாம். உங்க போன்தானேன்னாராம். ஆமான்னாளாம். அப்ப யாருக்குத் தெரியும்? தம்பிக்கு. தம்பியைக் கூப்பிடுங்கன்னு மேஜை மேல இருந்த போனைத் தள்ளி விட்டாராம். அப்பத்தான் இவளுக்கு உறைச்சிருக்கு. நம்பர் தெரியாது சார், இந்தப் போனுக்குள்ளதான் இருக்குன்னாளாம்.

ஒரு சின்ன ரூம்ல ஒரு மணி நேரம் உக்கார வெச்சாங்களாம். அவ ரெண்டு மணி நேரம்னு சொல்லுவா, நான் நேரத்தைக் கூட்டிக் கழிச்சுப் பாத்தேன், ஒரு மணி பத்து நிமிஷம்தான். பயத்துல நீண்டிருக்கும். வயரையும் சொருகிப் பாத்திருக்காங்க, ஒண்ணும் வெளிய வரலை. கடைசியில அந்த அதிகாரி இன்னொருத்தரைக் கூட்டிட்டு வந்து காட்டினாராம். சொந்தப் போனோட பாஸ்வேர்டு தெரியாது, தெரிஞ்ச ஆளோட நம்பரும் தெரியாது, இதை யாராவது திட்டம் போட்டுச் செய்ய முடியுமான்னு சிரிச்சிட்டு, போனைக் கையில குடுத்து அனுப்பிட்டாராம்.

வேற ஏதாவது நம்பர் தெரியுமான்னு அவரு கேக்கலை. கேட்டிருந்தா சொல்லிருப்பா.

வெளிய வந்து நிக்கிறா. கையில போன்னு பேரு, செங்கல்லுன்னு வெச்சுக்கோங்க. அந்த வக்கீலோட விலாசமும் அதுக்குள்ளதான். சாயங்காலம் நாலு மணிக்குள்ள போனை ஒப்படைக்கணும், அன்னிக்குத்தான் கடைசி நாள். அப்பவே மணி ரெண்டு. ஒரு டாக்ஸிக்காரர் பாவம் பாத்து அவர் போனைக் குடுத்திருக்காரு. வக்கீல் பேரை நெட்ல தேடினா, அந்தப் பேர்ல அந்த ஊர்ல பக்கம் பக்கமா வக்கீலுங்க. நம்ம ஆபீஸ் நம்பரை நெட்ல எடுத்துக் கூப்பிட்டா, இங்க லீவு நாள், மணி அடிச்சிட்டே இருக்கு. மெயிலைத் தொறக்கலாம்னா, அது கோடு அனுப்புறது எந்தப் போனுக்கு? அந்தச் செங்கல்லுக்கு.

அவளுக்கு மனப்பாடமா தெரிஞ்ச நம்பர் உலகத்துலயே ஒண்ணுதான் மேடம். இதோ, நீங்க இப்ப சிவப்பாப் பாத்துட்டிருக்கீங்களே, இந்த நம்பர். எங்க அப்பாவோடது.

சின்ன வயசுல கூட்டத்துல ஒரு தடவை தொலைஞ்சு போயிருக்கா. அதுக்கப்புறம் அப்பா வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு அந்த நம்பரைச் சொல்லிக் குடுத்தாரு. தொலைஞ்சா அழக் கூடாது, நின்ன எடத்துலயே நிக்கணும், யாரையாவது கேட்டு இந்த நம்பருக்குப் போடச் சொல்லணும், பக்கத்துல என்ன இருக்குன்னு சொல்லணும். எனக்கு அந்தப் பாடம் நடத்தலை. நான் வளர்றதுக்குள்ள எல்லா நம்பரையும் போனே ஞாபகம் வெச்சுக்க ஆரம்பிச்சிடுச்சு.

இல்லைங்க, அது அவ்வளவு சுலபமா இல்ல. அப்பாவும் அவளும் பேசி அப்ப ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு.

ஏன்னா, அந்த தையல் கம்பெனி கேட்டுல இருபத்தாறு வருஷம் சோதனை போட்டது எங்க அப்பாதான்.

ம். மத்தவங்க பையைத் தொறந்து பாத்துத்தான் எங்க ரெண்டு பேரையும் படிக்க வெச்சாரு. அவரு பையோட நின்ன ஆளா, இல்லையான்னு எனக்குத் தெரியாது மேடம். தெரியாததைச் சொல்ல மாட்டேன். ஓய்வு வாங்கி வந்த அப்புறம்தான் அக்கா இந்தக் கேஸை எடுத்தா. ஒரு நாள் சாப்பிட்டுட்டு இருக்கும்போது கேட்டாரு, என் பேரும் அதுல வருதான்னு. இல்லைன்னு சொல்லிட்டுச் சோத்தைப் பிசைஞ்சிருக்கலாம். வருதுப்பான்னுட்டா. எத்தனை பேரு சொன்னாங்கன்னாரு. நாலு பேருன்னா. கையைக் கழுவிட்டு எழுந்தவருதான். அக்கா மறு வாரமே ஹாஸ்டலுக்குப் போயிட்டா. நான் நடுவுல தூது. உங்கப்பாவைக் கேளு, உங்கக்காகிட்ட சொல்லு. எனக்கு மட்டும்தான் அவங்க ரெண்டு பேரும் சொந்தம்ங்கற மாதிரி.

அந்த நெலமையில அவ அந்த நம்பரைப் போடுறா. அதுக்குள்ள நான் மொதச் சம்பளத்துல அப்பாவுக்குப் புது டச் போன் வாங்கிக் குடுத்திருந்தேன், புது நம்பரோட. எல்லாரும் அதுலதான் பேசுவாங்க. பழைய பொத்தான் போனை ஏன்பா இன்னும் சட்டைப் பையில வெச்சிருக்கீங்கன்னா, டார்ச்சுக்குடா, கரண்ட் போனா உன் புதுப் போன்ல தடவிக்கிட்டா நிக்க முடியும்னு கேப்பாரு.

மொத மணியிலேயே எடுத்துட்டாராம். அக்கா அப்பான்னாளாம். அவரு கேட்டாராம், பக்கத்துல என்ன இருக்கு?

அவ்வளவுதான். எப்படி இருக்க, எங்க இருக்க, ஒண்ணும் கேக்கலை. பெரிய கடிகாரம் ஒண்ணு இருக்குப்பான்னு இவ சொல்லிருக்கா. அதுக்கடியிலயே நில்லுன்னாராம். இருபத்தேழு வயசுப் பொம்பள, வக்கீல் ஆபீஸ்ல வேலை பாக்குறவ, டாக்ஸிக்காரரையும் இழுத்துட்டுப் போய்க் கடிகாரத்துக்கடியில நின்னாளாம்.

இந்த எடத்துல இருந்து நான் நேர்ல பாத்தது. நான் குளிச்சிட்டிருக்கேன். பாத்ரூம் கதவு படபடன்னு அடிக்குது. என்னடா எழுத்துடான்னு கத்துறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. உங்கக்கா போனுக்கு என்னடா எழுத்துன்னாரு. போனை என்கிட்ட குடுங்கப்பான்னா, குடுக்க மாட்டேங்கிறாரு. நான் கண்ணுல சோப்போட உள்ளருந்து சொல்றேன், அவரு வெளிய நின்னு தெருவுக்கே கேக்குற மாதிரி திருப்பிச் சொல்றாரு. பெரிய கே! சின்ன எம்! ஏழு! ஏழும்மா, ஆறுக்கு அடுத்தது! ராணுவ ரகசியம் மாதிரி நான் வெச்ச பதினாலு எழுத்தும் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. தொறந்துடுச்சான்னு கேட்டாரு. தொறந்துடுச்சுப்பான்னு அக்கா குரல் எனக்கே கேட்டுச்சு. சரின்னுட்டு வெச்சுட்டாரு.

அந்தப் போனுக்குள்ள நாலு பேரு தன்னைப் பத்திப் பேசுறாங்கன்னு அவருக்குத் தெரியும் மேடம். தெரிஞ்சுதான் ஒவ்வொரு எழுத்தாக் கத்துனாரு.

மூணே முக்காலுக்கு அக்கா போனை ஒப்படைச்சுட்டா.

அதுக்கப்புறமா? அதுக்கப்புறமும் பேசிக்கலை. அவங்க ரெண்டு பேரும் அப்படித்தான்.

ஆமா, ஆமா, படிவத்துக்கு வரேன். அப்பா நேர்ல வர முடியாதுங்க, கண் ஆபரேஷன். இன்னொரு கண்ணும் மங்கல். ஆஸ்பத்திரிக்குப் பக்கம்னு அத்தை வீட்டுல தங்கியிருக்காரு, இன்னியோட நாப்பத்திரண்டு நாள். அதான் லெட்டர்ல கையெழுத்து இப்படிச் சரிஞ்சு போகுது. காலையில போய் வாங்கினேன். எதுக்குடான்னாரு. அக்கா போறான்னேன். பேனாவுக்குக் கையை நீட்டினாரு. அடையாள அட்டை பின்னாடி வெச்சிருக்கேன், ரெண்டு காப்பி.

நாளைக்கு வரவா? வரலாம் மேடம், எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. அக்காதான் பன்னெண்டே காலுக்கு அங்க எறங்குறா.

இன்னிக்குத்தாங்க. வேற போன், இன்னும் ஆறு பொண்ணுங்க பேசினது. பாஸ்வேர்டு இந்தத் தடவையும் என்கிட்டதான். என் நம்பரை எழுதி வெச்சுக்கோன்னு கெஞ்சினேன். நம்பர் கையில இருந்தா அங்கேயே கூப்பிடச் சொல்லுவாங்க, போன தடவை தப்பிச்சதே உன் நம்பர் தெரியாததாலதான், அப்பா நம்பர் இருக்கு, அது போதும்னுட்டா. எடுப்பாருன்னா. காலையில ஏர்போர்ட்ல விட்டு, நானே அவ போனை அணைச்சுக் குடுத்துட்டு, வீட்டுக்கு வந்து அப்பாவோட பழைய போனை அலமாரியில இருந்து எடுத்தேன். எதுக்கும் ஒரு தடவை அடிச்சுப் பாப்போம்னு என் போன்லருந்து போட்டேன். உங்க பொண்ணு ஒருத்தி பதிவு பண்ண குரல்ல சொல்றா, இந்த எண் உபயோகத்தில் இல்லைன்னு. ரெண்டு தடவை போட்டேன்.

ஆபரேஷன் முடிஞ்ச மொத வாரமே அந்தப் பழைய போனைக் கொண்டாடா கொண்டாடான்னாரு. கண்ணுல கட்டைப் போட்டுக்கிட்டு டார்ச் எதுக்குப்பான்னு சிரிச்சேன். கொண்டுபோய்க் குடுக்கலை.

இருங்க, நீங்க தட்டுங்க, தட்டிக்கிட்டே கேளுங்க. டோக்கனுக்கு உக்காந்திருந்தப்ப அந்தப் போனை நோண்டிப் பாத்தேன். அதுல கடைசி இருபது கால்தான் நிக்கும். வந்தது ஒண்ணே ஒண்ணு, அந்த டாக்ஸிக்காரர் நம்பர். மிச்சம் பத்தொன்பதும் இதுலருந்து போனது. மாசா மாசம் ஒண்ணாந்தேதி, அவரோட புதுப் போனுக்கே. ஒண்ணைக்கூட எடுக்கலை.

அப்புறம் டார்ச்சையும் போட்டுப் பாக்கலாம்னு தேடினேன். பொத்தான்லயும் இல்ல, மெனுவுலயும் இல்ல. உங்க கடையில போன் விக்கிற அந்தத் தம்பிகிட்டயும் காட்டிக் கேட்டுட்டேன். அந்த மாடல்ல டார்ச்சே கிடையாதாம்.