கோடு திரும்பிய கதை

அவையை அமைதியாக ஆளும் தலைவர் பஞ்சநதம் அவர்களே! நாற்றுமுடியை இறக்கி வைத்துவிட்டு, கால் ஈரம் காயுமுன் வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! தரங்கம்பாடிக் கரையில் வலையை உலர்த்திவிட்டு வந்திருக்கும் மீனவச் சொந்தங்களே! நாகூரில் பிறந்து, எங்கள் ஊர் வரப்புகளையெல்லாம் நடந்தே அளந்த மின்துறைத் திட்டப் பொறியாளர் நுஸைபா அவர்களே! நிழலுக்கு ஒதுங்கி நின்றாலும் காதை இங்கே கொடுத்திருக்கும் பெரியோர்களே! உங்கள் அனைவருக்கும் நெல்வாய்க்கரை விவசாயிகள் சங்கச் செயலாளர் பரணிதரனின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

உங்கள் ஊர்களுக்குப் புதிய உயர் அழுத்த மின்பாதை வரப்போகிறது. அது யார் வயலில் கால் ஊன்றும்? யார் தோப்பைத் தொடும்? இந்தக் கவலை உங்கள் முகத்தில் தெரிகிறது. எங்கள் முகத்திலும் இருந்ததுதான். எங்கள் ஊரில் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் பகுதிக்கு மின்சாரம் ஒரே ஒரு பாதையில்தான் வந்தது. அந்தப் பாதையில் ஒரு கோபுரம் சாய்ந்தால் என்ன ஆகும்? மோட்டார் ஓயும்; நாற்றங்கால் காயும்; அரிசி ஆலை நிற்கும்; ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவள் புழுக்கத்தில் துடிப்பாள். தேவை ஏறியது, பாதை ஏறவில்லை! ஆகவே மேற்கிலிருந்து இன்னொரு பாதை இழுத்துவிட்டால், ஒன்று அறுந்தாலும் மற்றொன்று தாங்கும் என்று திட்டமிட்டார் நுஸைபா. வரைபடத்தில் கோடு நேராகத்தான் இருந்தது. நேராகப் போன கோடு எங்கே போய் நின்றது? பூவம்மாளின் வயல் நடுவே!

இதோ, முன்வரிசையில் இருக்கிறார் பூவம்மாள். இவரைப் பெற்றவர்கள் காலமெல்லாம் பிறர் வயலில் கூலிக்கு நட்டவர்கள். அந்தக் குடும்பம் பத்திரம் பதிந்து வாங்கிய முதல் நிலம் அது. அதன் நடுவே மின்கோபுரம் நின்றால் அறுவடை மெஷின் திரும்ப இடமிருக்காது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் இவர் எழுந்து நின்றார். கத்தவில்லை, கண்ணீர் விடவில்லை.

“கரண்டு வேணாம்னு நான் சொல்லலைங்க. என் வயல் நடுவுல நட்டாதான் வருமான்னு கேக்குறேன்” என்றார்.

நுஸைபா என்ன செய்தார் தெரியுமா? சட்டம் பேசவில்லை. மறுநாளே வயலுக்கு வந்தார். பூவம்மாளோடு வரப்பு வரப்பாக நடந்தார். வடிகால் கரையை ஒட்டிப் பாதையைத் திருப்பினால் வயல் தப்பும் என்று கண்டார். ஆனால் வயல் தப்பினால் தோப்பு சிக்கியது. பக்கத்துப் பண்ணைக்காரர் துரைராசு, தம் கையால் வைத்து வளர்த்த தென்னந்தோப்பு அது. முதலில் அளந்த இடத்திலேயே நட்டுக்கொள்ளுங்கள், என் மரத்தில் கை வைக்காதீர்கள் என்று அவர் சொல்லிவிட்டார். இந்தப் பக்கம் வயல், அந்தப் பக்கம் தோப்பு. நடுவே நகராமல் நின்றது திட்டம்!

வந்தது ஐப்பசி அடைமழை. நட்டுப் பச்சை பிடித்த சம்பாப் பயிர் நீருக்குள் போனது. அதே நேரம் பழைய மின்பாதையும் காற்றில் அறுந்தது. நீரை இறைக்க மோட்டார் உண்டு. மோட்டாருக்கு மின்சாரம் இல்லை! பூவம்மாளிடம் மட்டும் ஒரு டீசல் இன்ஜின் இருந்தது. தம் வயலை வடித்தார். அடுத்த வயலைப் பார்த்தார். அது துரைராசுவின் வயல். பயிரின் நுனிகூடத் தெரியவில்லை. இன்ஜினை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய் அவர் வரப்பிலேயே இறக்கினார்.

துரைராசு ஓடி வந்தார். “என் மேல கோவம் இல்லியாம்மா?” என்று கேட்டார்.

“இருக்குங்க. பயிர் மேல இல்ல. ஹோஸப் புடிங்க” என்றார் பூவம்மாள்.

கை தட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள்! தட்ட வேண்டிய இடம்தான்!

நீர் வடிந்தது, பயிர் பிழைத்தது. துரைராசு நுஸைபாவைத் தோப்புக்கு அழைத்தார். எந்தெந்த மரம் என்று கேட்டார். கோபுரத்தை இன்னும் உயர்த்தினால் ஓரத்து வரிசை மட்டும் போனால் போதும் என்றார் நுஸைபா. துரைராசு அந்த வரிசையில் ஒவ்வொரு மரமாகத் தடவிப் பார்த்தார். பிறகு, “வெட்டுங்க. ஆளு நானே விடுறேன்” என்றார். அன்று அவர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அங்கே ஓர் அண்ணன் கேட்கிறார்: அப்படியானால் இழப்பு உண்டுதானே என்று. உண்டு, அண்ணே. இழப்பே இல்லை என்று மேடையேறிப் பொய் சொல்ல மாட்டேன். ஒரு வரிசை மரம் போனது உண்மை. அது எதற்காகப் போனது என்பதையும் கேளுங்கள்.

வடிகால் கரையை ஒட்டிப் புதிய பாதை எழுந்தது. போன ஆண்டு புயலும் வந்தது. நுஸைபா எனக்குப் போன் செய்து, பழைய லைன் அறுந்துவிட்டது, ஊர் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது! தெருவில் விளக்கு எரிகிறது! வயலில் மோட்டார் நீரை வாரி வெளியே கொட்டுகிறது! “எப்பங்க அறுந்துச்சு?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அறுந்ததே ஊருக்குத் தெரியவில்லை, தோழர்களே! ஆஸ்பத்திரிக்குத் தெரியவில்லை, ஆலைக்குத் தெரியவில்லை, மரங்களைக் கொடுத்த துரைராசுவுக்கும் தெரியவில்லை. இதைவிட வெற்றி வேறென்ன வேண்டும்?

உங்கள் ஊர்க் காற்று உப்புக் காற்று. கம்பியை அரிக்கும் காற்று. புயல் முதலில் கதவைத் தட்டுவதும் உங்கள் கரையில்தான். எங்களுக்கே இரண்டு பாதை வேண்டுமென்றால், உங்களுக்கு வேண்டாமா? நாளை நுஸைபா உங்கள் வயல்களுக்கு வருகிறார். ‘வேண்டாம்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த ஒரு சொல்லோடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். இங்கே வேண்டாம், அதோ அந்தப் பக்கம் போகலாம் என்று கை நீட்டிக் காட்டுங்கள்! காட்டுகிற கை இருந்தால், காகிதத்தில் போட்ட கோடு திரும்பும். நாங்கள் திருப்பினோம், நீங்களும் திருப்புவீர்கள்!

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், குறுக்கே கேள்வி கேட்ட அண்ணனுக்கும் என் நன்றி. உங்கள் களம் நிறையட்டும், வலை கனக்கட்டும். வணக்கம்.